மாடி அறையில் எடுத்த படங்கள்

ஊரில் அவருக்கு விக் அக்கா என்று பெயர், அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். முடி கொட்டிப்போன பெண்களுக்கு விக் செய்து பொருத்துவது அவர் தொழில். பெயர்ப்பலகை கிடையாது. மாடியில் ஓர் அறை, கனமான திரை, ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான். வாடிக்கையாளர் தெருவில் எதிரே வந்தால், அவர் ரகசியம் வெளியே தெரியக்கூடாதென்று அக்கா முன்பின் தெரியாதவர் போலப் போய்விடுவார். திமிர் பிடித்தவள் என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள்.

அளவுக்காகத் தலையை நாலு பக்கமும் போனில் படம் எடுப்பார். அந்தப் போனை அமைத்துக் கொடுத்தவன், அதே வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் தம்பி. போனே தொலைந்தாலும் படம் தொலையாது, இன்டர்நெட் வழியாகத் தானாக மேலே போய்ச் சேர்ந்துவிடும் என்றான். குடும்பம் முழுவதற்கும் ஒரே கணக்கு என்பதை அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் கூடத்து டிவி சும்மா இருந்த நேரத்தில் குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது. கடற்கரை, பூனை, அடுத்து முடியில்லாத ஒரு தலை. தம்பி மகள் எழுந்து நின்றாள்.

"அத்த, இது எங்க மிஸ்."

அக்கா ஓடிப்போய் டிவியை அணைத்தார். அந்த ஆசிரியை புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லாதவர். பள்ளியில் தெரிந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று இவரிடமே அழுதவர். யாரிடமும் சொல்லாதே என்று குழந்தையிடம் கெஞ்சினார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி யார் தூங்குவது?

உலகமே இதைத்தான் பயன்படுத்துகிறது என்று தம்பி சப்பைக்கட்டு கட்டினான். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே போனதையெல்லாம் அழிக்கவைத்தார். வேறு ஆப் தேடினார். கணக்கு கேட்டது வேண்டாம், இன்டர்நெட் கேட்டது வேண்டாம். போனில் உள்ள நம்பர்களைக் கேட்டதை, உனக்கு எதற்கு அது என்று திட்டியே நீக்கினார். கடைசியில் பார்க்க லட்சணமில்லாத ஒன்று தேறியது. அதில் எடுத்த படம் பூட்டுக்குப் பின்னால் போனுக்குள்ளேயே கிடக்கும்.

போன் தொலைந்தால் எல்லாம் போச்சு, அப்புறம் என்னிடம் வரக்கூடாது என்றான் தம்பி.

"தொலைஞ்சா எனக்குத்தாண்டா நஷ்டம். வெளிய போச்சுன்னா அவங்களுக்குல்ல நஷ்டம்."

ஆசிரியையிடம் மறைக்க மனம் வரவில்லை. வரவழைத்து, குழந்தை பார்த்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். புது ஆப்பையும் காட்டினார். ஆசிரியை விக்கைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். பிறகு வரவே இல்லை. வேறு ஆள் பார்த்திருப்பார், அதுதான் நியாயம் என்று அக்கா சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

சில மாதம் கழித்துக் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளி வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே ஆசிரியை வருவது தெரிந்ததும் பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்புச் சத்தம் தாண்டிப் போகாமல் பக்கத்திலேயே நின்றது.

"அக்கா, உங்க தம்பி பொண்ணு இன்னிவரைக்கும் வாயத் தொறக்கல. நான்தான் தினமும் பயந்து பயந்து அலுத்துப்போயிட்டேன்" என்றார் ஆசிரியை. "ஞாயித்துக்கிழமை வரேன். விக் பின்பக்கம் தளர்ந்துபோச்சு. படம் எடுத்துப் பாத்துருங்க."

குரலைத் தாழ்த்தவே இல்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.