ஒரே ஒருவனுக்காக நடந்த ஆராதனை

ஈரக் குடைகளின் வாசமும் தரைக்குப் பூசிய சிவப்புப் பாலிஷ் வாசமும்... இலங்கையின் பதுளை டவுனுக்கு வெளியே இருந்த எங்கள் சின்னச் சர்ச் கட்டடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான்.

அறுபதுகளின் கடைசியில் நான் சபைக்குச் செயலாளர் ஆனபோது, ஞாயிறு தமிழ் ஆராதனையில் உட்கார இடம் கிடைக்காது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்தே வருவார்கள்.

பிறகு, இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, தோட்டத் தமிழர்களுக்கு நிரந்தரமாக இந்தியா போக பாஸ்போர்ட் வரத் தொடங்கியது. மாதந்தோறும் ஏதாவதொரு குடும்பம் முன்னால் வந்து நிற்கும். போதகர் ஜெபித்து அனுப்புவார். அடுத்த வாரம் அந்த பெஞ்சு காலி. ஹார்மோனியம் வாசித்த மாஸ்டரும் ஒருநாள் ரயிலேறிவிட்டார்...

ஐந்தாறு வருடத்தில் இருபது பேர் கூட மிஞ்சவில்லை. போதகர் மாதம் ஒருமுறைதான் பண்டாரவளையிலிருந்து வந்துபோனார். தமிழ் ஆராதனையை நிறுத்திவிடலாம், இருப்பவர்கள் டவுன் சர்ச்சுக்குப் போகட்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை. நான்தான்.

சபைக் கூட்டத்தில் அதை வாசித்ததும் எஸ்தர் அக்கா எழுந்தார். தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் வாய் திறந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஐயா, போறவங்க போகட்டுங்க. நாங்க இங்கதானே இருக்கோம்? டவுன் சர்ச்சுல நாங்க பின்னால நிக்கிற ஆளுங்க. இது எங்க சர்ச்சுங்க."

"நடத்த ஆள் இல்லையேம்மா" என்றார் போதகர்.

"நான் வாசிக்கிறேங்க. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனா வாசிப்பேன்."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதகர் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் நடத்திப் பாருங்க" என்றார்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் ஆட்களைக் கூப்பிடுவார். நான் ஞாயிறு கதவைத் திறந்துவிடுவதோடு சரி.

நாலாவது மாதம் அடைமழை. மண் சரிந்து பஸ் இல்லை. எட்டு மணிக்குச் சர்ச்சில் நான் மட்டும்... வெகுநேரம் கழித்து, முழங்கால்வரை சேறோடு அக்கா வந்தார்.

"யாரும் வரலக்கா. பூட்டிட்டுப் போவோமா?"

"நீங்க வந்திருக்கீங்களே தம்பி. உக்காருங்க."

என் ஒருவனுக்காக முழு ஆராதனையும் நடத்தினார். பாட்டை ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. வேதபாடத்தில் விரலை வைத்து, தடுக்கித் தடுக்கி வாசித்தார். கடைசியில், கடல் தாண்டிப் போன ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சொல்லி ஜெபித்தார். செயலாளரான எனக்கே மறந்துபோன பெயர்கள்... தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். சனிக்கிழமை அக்காவோடு லயங்களுக்கு நடந்தேன்.

ஆறு மாதம் பத்து வருடமானது. சொந்தத் தங்கை குடும்பத்தை பதுளை ஸ்டேஷனில் வழியனுப்பி அழுத வாரத்திலும் அக்கா வந்து வாசித்தார். அதற்குள் தடுக்காமலே வாசிக்கப் பழகியிருந்தார்.

அக்கா இப்போது இல்லை. நானும் கொழும்புக்கு வந்து பல வருடமாயிற்று.

போன வருடம் அங்கே போயிருந்தேன். கீபோர்ட், மைக், திரையில் பாட்டு... பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மனசு கொஞ்சம் கனத்தது.

ஆராதனை முடிந்ததும் ஒரு இளம்பெண் ஓடி வந்து கேட்டாள்: "அங்கிள், நம்ம சர்ச்சுக்குப் புதுசுங்களா?"

"ஆமாம்மா" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.