பைப்லைன் வரும்வரை நான்தான் கேஸ்

பைப்லைன் எட்டாத இடங்களுக்குப் பைப்லைன் கேஸ் கொடுப்பது என் பிழைப்பு. எல்பிஜி திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, அளவாகக் காற்று கலந்தால், பைப்லைனில் வரும் இயற்கை எரிவாயு போலவே எரியும். இதன் பெயர் செயற்கை இயற்கை எரிவாயு. உங்கள் வேலையையும் வீட்டில் விளக்க முடியாதென்றால், நீங்கள் நம்ம ஆள்.

பாலில் தண்ணீர்

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. முதலாளி ரெட்டெப்பா பைப்லைனை நம்பிப் புது பாய்லர் வாங்கிவிட்டார். பைப்லைன் வரவில்லை, மாம்பழம் வந்துவிட்டது. நீராவி இல்லாவிட்டால் பழம் அழுகும். சீசன் வேலையை நம்பி வந்த பெண்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். திருப்பதியில் இருந்த என்னை அழைத்தார்கள்.

எல்பிஜியை அப்படியே விட்டால், பைப்லைன் கேஸுக்காகச் செய்த அந்த பாய்லர் பர்னருக்குச் சூடு அதிகம், அதனால் காற்று கலக்கிறோம் என்றேன். ரெட்டெப்பா முகம் சுளித்தார். “இன்னாம்மா இது, எங்கூர்ல இந்த வேல பண்றவன பால் சென்டருக்குள்ளயே உடமாட்டாங்க!”

கற்பூரம்

மிஷினைத் தொடங்கும் நாள். பழ லாரிகள் கேட் வரை நிற்கின்றன. பழம் பிரிக்கும் பெண்களின் தலைவி முனியம்மா, தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நேராகக் கேஸ் கலக்கும் மிஷினிடம் வந்து தீப்பெட்டியை உரசப்போனார். நான் போட்ட கூச்சலில் கூட்டமே உறைந்தது. பூஜை இல்லாமல் எப்படி என்று பாய்லர் ஆபரேட்டரும் கையை எடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. பழமோ வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

“பூவும் குங்குமமும் இங்கே வைங்கக்கா, நெருப்பு பாய்லருக்குள்ளதான்” என்று கெஞ்சினேன். வைத்தார். முதல் தடவை பர்னர் பிடிக்கவில்லை. அடுத்த முறை பிடித்தது. பாய்லரின் கண்ணாடித் துளை வழியே நீலமாக ஜுவாலை. முனியம்மா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஏம்மா, இம்மாம் பெரிய கற்பூரத்த உள்ள வச்சிக்கினு, என் ஒத்த வில்லைக்கா சண்டைக்கு வந்த?”

வந்தது பைப்லைன்

அந்த சீசன் முழுக்க யாரும் வெறுங்கையோடு போகவில்லை. மறு வருஷம் பைப்லைன் வந்தது. பர்னரில் ஒரு திருகுகூட மாற்றாமல் வால்வை மட்டும் திருப்பினோம். பெருமைதான், ஆனால் அத்தோடு என் மிஷினுக்கு வேலையும் போனது. மிஷினைக் கழற்றவா என்று கேட்டேன். ரெட்டெப்பா தலையாட்டி மறுத்தார். “பைப்பு நல்லாதான் இருக்குது. அது ஒருநாள் நின்னா மாம்பழம் காத்துக்கினு இருக்குமா? உன் மிஷினு இங்கயே கெடக்கட்டும்.”

வரவேண்டியவர் வரும்வரை அவர் வேலையைச் செய்துவிட்டு, வந்ததும் ஓரமாக நிற்பதுதான் எங்கள் தொழில் என்றாலும், ஓரத்திலாவது நில் என்று சொல்ல ஊருக்கு ஒரு ரெட்டெப்பா கிடைத்துவிடுகிறார்.