ஒரு கை அகலம்

பனியில் நனைந்த கல்பாசிக்கு மழையில் நனைந்த நாயின் வாசனைதான். குருமாவில் அது எழுப்பும் மணத்தைக் கண்மூடிப் புகழ்கிறவர்கள், தை மாதத்து விடியலில் கொடைக்கானலுக்கு மேலே எங்கள் ஊர்ப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததில்லை. நான் வைத்திருக்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில், ஆறு வயதில், எனக்கு வாய்த்த உத்தியோகமே அதுதான்.

பூண்டு பொய்த்த வருடங்களில் ஊருக்குச் சோறு போட்டது, பாறைகளில் சாம்பல் நிறத்தில் ஒட்டி வளரும் அந்தப் பாசி. குடும்பத்துக்கு ஒரு பாறை. சுரண்டுவதற்கு முன், ஊர்ப் பெரியவரான என் பெரியப்பா முன்னிலையில், ஒவ்வொரு பாசிக் கொத்தின் மீதும் கை வைத்து அளக்க வேண்டும். "கைக்கு அடங்குனா விடு, மீறுனா எடு" என்பது சட்டம். அடுத்த வருடத்துக்கும் பாசி மிஞ்சட்டும் என்று முன்னோர்கள் செய்த ஏற்பாடு. யாருடைய கை என்று அவர்கள் சொல்லாமல் போனது, யோக்கியர்களாக இருந்ததால் வந்த வினை.

பெரியப்பாவின் பாறைக்கு என் கை. அதற்குள் எந்தப் பாசி அடங்கும்? எல்லாம் மீறியது, எல்லாம் சாக்குக்குள் போனது. மற்றவர்களுக்கு, அவரோடு இருந்த உறவைப் பொறுத்து, நடுத்தரக் கைகள். புருஷன் செத்து இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்த செல்லக்காவின் பாறைக்கு மட்டும் பெரியப்பாவின் மூத்த மகன் வந்தான். எருமையை ஒற்றைக் கையால் தள்ளுகிறவன். பாசி கிடைக்காவிட்டால் அவள் பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாக இறங்க வேண்டியதுதான் என்பது ஊருக்கே தெரியும்.

"ஏன் மாமா, ஒங்க பாறைக்குப் பச்சப்புள்ள கை, எம்பாறைக்கு மம்பட்டிக் கையா? அந்தச் சின்னவன இங்கிட்டும் அனுப்புங்க" என்றாள்.

"புள்ள வெறச்சுப் போயி நிக்கிறான் தாயி. பாசிக்காக அவனக் கொல்லச் சொல்றியா?" என்றார் பெரியப்பா.

என் உடம்பைப் பற்றி அவர் கவலைப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். ஊர் சிரித்தது. விரல்கள் மரத்திருந்ததால், எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

என் கை வளர்ந்ததும் என்னை நீக்கிவிட்டுத் தம்பியை நியமித்தார்கள். வளர்ச்சி கண்டதற்காக வேலை இழந்தவன் உலகில் நானாகத்தான் இருப்பேன். அதற்குள் பெரியப்பாவின் பாறை பழநியில் முடியிறக்கிய தலையாகிவிட்டது. செல்லக்காவின் பாறையோ, தொடவே விடாததால், கம்பளி போர்த்தியது போல் பாசி மண்டிக் கிடந்தது. மூத்தவன் கையை விரித்து வைத்தாலும் மீறியது. அவ்வளவு நாளும் அரைவயிற்றோடு காத்திருந்தவள், அரிவாளைத் தீட்டிக்கொண்டாள்.

பெரியப்பா ஊரைக் கூட்டினார். "ஒரே பாறைய ஒருத்தரே வச்சிருக்கிறது அநியாயம்ப்பா. மாத்திக்கிருவோம்."

அவருக்குச் செல்லக்காவின் பாறை. செல்லக்காவுக்கு அவருடைய மொட்டை.

அவள் அழவில்லை. மொட்டைப் பாறைக்குப் போய் உள்ளங்கையை விரித்து நடுவில் வைத்தாள். "கைக்கு அடங்கிருச்சு மாமா. விட்டுர வேண்டியதுதான்" என்றாள். மறுநாள் வெள்ளனே பிள்ளைகளோடு பஸ் ஏறிவிட்டாள். "சட்டத்த மதிக்கிறவ" என்று பெரியப்பா பாராட்டிவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு அவள் பாறைக்கு நடந்தார்.

சென்ற மாதம் போயிருந்தேன். எது யார் பாறை என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே வழுவழுப்பு, இரண்டிலும் காதலர்கள் பெயிண்டால் பெயர் எழுதியிருக்கிறார்கள். மூத்தவனுடையதைப் போலவே தடித்துவிட்ட என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.

அடங்கியது.