சாமிக்கு முதுகு காட்டாமல் எட்டு அடி

போன ஆனி மாதம் கீழ்பென்னாத்தூரில் என் மைத்துனர் வீட்டு வாசலில் வேனிலிருந்து வேர்க்கடலை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை சரிந்து என் மனைவி மல்லிகாவின் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு முறியவில்லை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. அண்ணாமலையார் காப்பாற்றினார் என்று டைரியில் எழுதினேன். எங்கள் துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தவளின் பாதம் தானாக உள்பக்கம் திரும்பியது. விரல்கள் மடங்கிக்கொண்டன. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் நடந்தாலே அப்படித்தான். உட்கார்ந்தால் சரியாகிவிடும். தூங்கும்போது பாதம் குழந்தையின் பாதம் போல நேராக இருக்கும்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். மழை, மின்வெட்டு, வந்த விருந்தாளி எல்லாம் அதில் இருக்கும். ரகசியம் எதுவும் இருக்காது. கடையில் வாங்க வேண்டிய சாமான்களை மல்லிகாவும் அதிலேயே எழுதுவாள்.

நான்கு மருத்துவர்களைப் பார்த்தோம். எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் சுளுக்கு என்றார். இரண்டு பேர் நரம்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நான்காமவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கால்ல ஒண்ணும் இல்ல சார். மனசுலதான் இருக்கு. கண்டுக்காம விடுங்க, தானா சரியாயிடும்."

நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அவள் சுவரைப் பிடித்து வரும்போது செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். இதை உங்கள் முன் சொல்ல வெட்கப்படுகிறேன்.

இருபது வருடமாகப் பௌர்ணமிதோறும் கிரிவலம் போனவர்கள் நாங்கள். அது நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. புரட்டாசியில் ஒரு திங்கள்கிழமை காலை, ஆட்டோ வைத்து, கிரிவலப் பாதையில் உள்ள நிருதி லிங்கத்துக்கு மட்டும் போனோம். "குணமாக்குறது உன் இஷ்டம்ப்பா. இவளுக்கு என்னன்னு மட்டும் என் கண்ணுக்குக் காட்டிடு" என்று அழுதேன்.

திருநீறு வாங்கிக்கொண்டு, எப்போதும் போல, சாமிக்கு முதுகு காட்டாமல் கைகூப்பியபடி பின்னால் நடந்து வந்தோம். நந்தி வரை எட்டு அடி. எட்டு அடியும் மல்லிகாவின் பாதம் தரையில் சமமாகப் பதிந்தது. நந்தியருகே வாசல் பக்கம் திரும்பினாள். முதல் அடியிலேயே பாதம் மடங்கியது.

எனக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைய டைரியில் எழுதினேன்: ‘பின்னால் எட்டு அடி நேராக நடந்தாள். முன்னால் நடந்தால் மட்டும் திருப்பிக்கொள்கிறாள். வேண்டுமென்றே?’

மறுநாள் காலை அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. ‘இல்லை.’ அதற்கும் கீழே, வழக்கம் போல, ‘புளி, துவரம்பருப்பு.’

சமையலறைக்குப் போனேன். டைரியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றேன்.

"நடிக்கத் தெரிஞ்சிருந்தா கோடம்பாக்கம் போயிருப்பேங்க. இங்க நின்னு உங்களுக்குத் தோசை சுட்டுக்கிட்டு இருப்பேனா?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அந்த வாரமே விடுப்பு எடுத்து, வேலூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளவயதுப் பெண். டைரியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பக்கம் வந்ததும் படிக்காமல் தாளைப் புரட்டினேன். மல்லிகா என் கையைப் பிடித்தாள்.

"அதையும் படிங்க."

"அது எதுக்கு இப்போ?"

"படிங்கன்னா படிங்க. நீங்க எழுதின கடைசி வார்த்தைய விட்டுடாதீங்க."

படித்தேன். மருத்துவர் எழுந்துவிட்டார். "பின்னாடி நடந்தப்ப நேரா இருந்துச்சா? வாங்கம்மா, வராந்தாவுல நடந்து காட்டுங்க."

முன்னால் நடந்தாள். பாதம் திரும்பியது. பின்னால் நடந்தாள். நேராக இருந்தது. மூன்று முறையும் அப்படியே.

"சார், நீங்க நடிப்புன்னு நெனச்சீங்களே, அதுதான் இந்த நோயோட அடையாளம். இதுக்குப் பேரு டிஸ்டோனியா. அடிபட்ட பிறகு ரொம்ப அபூர்வமா சிலருக்கு வரும். தசைக்கு மூளை அனுப்புற உத்தரவு தப்பாப் போகுது. பின்னாடி நடக்க வேற உத்தரவு, அதனால அப்ப மடங்கல. ஸ்கேன்ல இது தெரியாது. நடக்கிறதப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார். வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யச் சில பரிசோதனைகளும் எழுதிக் கொடுத்தார்.

மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் என் முன்னால் அழுதது அன்றுதான். எனக்கோ நிருதி லிங்கம் கண்ணில் நின்றது. நான் கேட்டதை அவர் அந்த நிமிடமே காட்டிவிட்டார். காட்டியதை வைத்து நான் இவளைக் குற்றவாளி ஆக்கினேன்.

இப்போது சில மாதத்துக்கு ஒரு முறை கெண்டைக்கால் தசையில் ஊசி போடுகிறார்கள். தினமும் பயிற்சி. முழுக்கச் சரியாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மாசிப் பௌர்ணமியன்று நிருதி லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை, மூன்று இடத்தில் உட்கார்ந்து, நடந்தே போனாள். வழியில் பாதம் மடங்க ஆரம்பித்தது. சட்டென்று என் பக்கம் திரும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"என்னம்மா, ரிவர்ஸ்ல போறீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எங்க வீட்டுக்காரர் மொகத்தப் பாத்துக்கிட்டே நடக்கிறதா வேண்டுதல்" என்றாள் மல்லிகா.

அன்பர்களே, அண்ணாமலையாரிடம் கேளுங்கள். பதில் வரும். வரும்போது என்னைப் போலத் தப்பாகப் படித்துவிடாதீர்கள். அவரை நம்புகிறவர்கள், வீட்டில் வலிக்கிறது என்று சொல்கிறவரையும் நம்புங்கள். ‘வேண்டுமென்றே?’ என்ற அந்தக் கேள்வியை நான் டைரியில் அடிக்கவில்லை. அதன் கீழே அவள் எழுதிய ‘இல்லை’யும் அங்கேயே இருக்கிறது. தினமும் எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.