அக்காவைப் படத்துக்குக் கூட்டிப் போனோம்

சிறப்பிதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

“படிச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“அதை விடு. பொண்ணு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. பெட்டியோட வந்திருக்கா. உங்கிட்ட சொல்லல. திங்கக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு உங்க மாமா முடிவு பண்ணிட்டாரு. நீ ஞாயித்துக்கிழமை வந்துடு.”

நான் பாராட்டுக்குக் காதை நீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது இது. மேனாம்பேட்டில், மூன்றாம் மாடிப் பால்கனியில், ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று “வர்றேன்” என்றேன். போனை வைத்த பிறகும் மனசின் ஒரு ஓரம் கேட்டுக்கொண்டே இருந்தது: கட்டுரை எப்படி இருந்ததாம்? இதை எழுதுகிறவள் அப்படிப்பட்டவள். தெரிந்தே படியுங்கள்.

கட்டுரை ஒரு பழைய நடிகையைப் பற்றியது. கறுப்பு வெள்ளைக் காலத்தவர். அவர் பிறந்து நூறு வருஷம் ஆகிறது என்று அந்தப் பத்திரிகை சிறப்பிதழ் போட்டது. எல்லோரும் பூ போட்டார்கள். நான் போடவில்லை. படம் முழுக்க அவர் பொறுத்துக்கொள்வார். அடித்தால் பொறுப்பார், சந்தேகப்பட்டால் பொறுப்பார், வீட்டை விட்டுத் துரத்தினால் வாசலில் நின்று பொறுப்பார். கடைசியில் புருஷன் திருந்துவான். திருந்தியது அவன், காலில் விழுந்து கும்பிடுவது இவர். அடிபடுவதற்கு அழகு சொல்லிக்கொடுத்தவர் என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நாலு தடவை நானே வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

சும்மா எழுதவில்லை. கையில் சாட்சி வைத்திருந்தேன்.

ஆவடியில் நாங்கள் வளர்ந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். வேலூர், நெல்லை, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே சங்குக்கு எழுந்து ஒரே சங்குக்குச் சாப்பிடுகிற வாழ்க்கை. சொந்தபந்தம் எல்லாம் ஊரில் இருந்தது. பஞ்சாயத்துப் பேச ஆள் கிடையாது. அதனால் கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு திரும்பி வந்தால் குவார்ட்டர்ஸ் பெண்கள் கையில் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அவளைப் படத்துக்குக் கூட்டிப் போவார்கள். அந்த நடிகையின் படத்துக்கு.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தியேட்டரில் பழைய படங்களைக் காலைக் காட்சியாக ஓட்டுவார்கள். திரும்பி வந்தவளிடம் யாரும் “போய்விடு” என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு அநாகரிகம். தலை வாரி, பூ வைத்து, முறுக்குப் பொட்டலத்தோடு கூட்டிப் போய், வரிசைக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். இரண்டு பக்கமும் பெண்கள். முன்னால் வெள்ளைத் திரையில் இன்னொரு பெண். மூன்று மணி நேரம். வெளியே வரும்போது அவள் முகம் வீங்கியிருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ பெட்டி கிளம்பிவிடும். “படம் பார்த்துட்டு வந்தா, தெளிஞ்சிட்டா” என்பார்கள். காய்ச்சல் இறங்கிய மாதிரி.

எனக்குப் பதிமூன்று வயதில் அக்கா பூந்தமல்லியிலிருந்து அப்படி வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். மாமா சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவார். தட்டு தப்பினால் கை வரும். நாலாவது நாள் எதிர்வீட்டு அத்தை எங்கள் சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள்: “நாளைக்கு அந்தம்மா படம் போடறான்.” அவ்வளவுதான். அம்மா அரிசி களைந்துகொண்டே தலையாட்டினாள். எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடம் இல்லை, படம்.

படத்தில் அக்கா அழுதாள், மறுநாள் போனாள், போனவள் முப்பத்தெட்டு வருஷமாக அவரோடேயே இருக்கிறாள். இதை எழுதித்தான் கட்டுரையை முடித்திருந்தேன்.

அக்கா வீடு இப்போது திருவேற்காட்டில். ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. மாமா கோயிலுக்குப் போயிருந்தார். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வலது கையால் மட்டும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள் அக்கா மகள். இடது மணிக்கட்டில் க்ரேப் பேண்டேஜ்.

“வாங்க சித்தி. பேமஸ் ஆயிட்டீங்க. எங்க டீம்ல ஒருத்தி உங்க கட்டுரையை குரூப்ல போட்டா. எங்க சித்திதான்னு சொல்லிக்கல.”

“ஏன்டி?”

“சொன்னா, அடிவாங்கின அந்த அக்கா எங்கம்மான்னு தெரிஞ்சிடுமே.”

சிரித்தபடிதான் சொன்னாள். நான் பேச்சை மாற்றினேன். “கை என்ன?”

“ஆபீஸ்ல கேட்டா பாத்ரூம்ல வழுக்கினேன். நீங்க கேக்கறதால சொல்றேன், போனைப் பிடுங்கும்போது முறுக்கினான். இது ரெண்டாவது தடவை. வேலையை விட்டுடுன்னான், மாட்டேன்னேன்.”

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியில் எதையோ தேடினாள். கறுப்பு வெள்ளை வந்தது. அந்த முகம் வந்தது.

எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

“அக்கா! இவளுக்குமா?”

“வாயை மூடிட்டுப் பாரு.”

ஓட்டினாள். பாட்டைத் தாண்டினாள், கல்யாணத்தைத் தாண்டினாள், தொட்டிலைத் தாண்டினாள். மழை வந்ததும் நிறுத்தி ஓடவிட்டாள். கதவு தட்டப்படுகிறது. நடிகை போய்த் திறக்கிறார். வாசலில் புருஷன் நனைந்துகொண்டு நிற்கிறான். பக்கத்தில் இன்னொருத்தி, அவளும் நனைந்திருக்கிறாள். நடிகை இருவரையும் பார்க்கிறார். உள்ளே போகிறார். திரும்பி வரும்போது கையில் இரண்டு துண்டுகள். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. குளோசப்பில் கண்ணீர் இமையோரம் வந்து நிற்கிறது. விழவில்லை. அந்தக் காலத்தில் அதற்காகவே அவரைக் கொண்டாடினார்கள்.

அக்கா படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

“இங்கதான்.”

“இங்க என்ன?”

“இங்கதான் நான் எழுந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. அக்கா திரையைப் பார்த்தபடியே பேசினாள், கறிகாய்க் கணக்குச் சொல்கிற குரலில்.

“நான் அழுதேன்னு எழுதியிருக்கியே, எவ பாத்தா? அழுதது நீ. அம்மா அழுதா. அத்தை மூக்கைச் சிந்திச் சிந்தி என் தோள்ல துடைச்சா. எனக்குக் கண்ணு காஞ்சு கிடந்தது. அந்த ரெண்டாவது துண்டைப் பாத்தேன். போயிடலாம்னு எழுந்துட்டேன். பாத்ரூமுக்கு இல்ல. ஒரேயடியா. ஸ்டேஷன் பக்கத்துலதான். டைப்ரைட்டிங் லோயர் முடிச்சிருந்தேன், எங்கயாவது ஒரு ஹாஸ்டல்ல இருந்துக்கலாம்னு ரெண்டு நாளா யோசனை. வரிசை ஓரத்துல நீ உட்காந்திருந்த.”

“நானா?”

“பின்னால இருந்து மறைக்குதுன்னு கத்துனாங்க. நீ காலை மடக்கி வழி விடல. முந்தானையைப் புடிச்சு இழுத்து, ‘உட்காருக்கா, அழற கட்டம் போயிடும்’னே. உட்காந்துட்டேன்.”

அக்கா மகள் ஒரு தடவை பக்கென்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. முறுக்கு ஞாபகமிருந்தது. பக்கவாட்டு மின்விசிறியின் கடகடப்பு, டார்ச் அடிப்பவரின் காக்கிச் சட்டை, எல்லாம் இருந்தது. எழுந்து நின்ற அக்கா மட்டும் இல்லை. அவளை எங்கே தொலைத்தேன்? இத்தனை வருஷம் எவ்வளவு எழுதியிருப்பேன் அவளைப் பற்றி. கவிதையில், கட்டுரையில், மேடையில். பிறகு விரல்கள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. நைலக்ஸ் புடவையின் வழவழப்பு. அது கையை விட்டு நழுவப் பார்த்தது. விடாமல் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் திரையைப் பார்த்தேன்.

“அந்தம்மாவைப் போட்டு அந்தக் கிழி கிழிச்சிருக்கியே,” என்றாள் அக்கா. “அவங்களுக்கு அது வேலைடி. கட் சொன்னதும் கண்ணைத் துடைச்சிட்டு, தன்னோட கார்ல ஏறி, தானே ஓட்டிட்டுப் போனாங்க. ஒத்து வரலன்னதும் புருஷனை வெளிய போடான்னாங்க. அத்தைக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தெரியாதா? குழாயடியில இதைத்தானே பேசுவாங்க? அந்தக் கதையைக் காட்ட என்னை எவளாச்சும் கூட்டிட்டுப் போனாளா?”

எனக்கும் தெரியும். கட்டுரையில் அதற்கு அரை வரி கொடுத்திருந்தேன்: சொந்த வாழ்வில் சுதந்திரமாக இருந்துகொண்டே ஊருக்கு அடிமைத்தனம் போதித்தவர் என்று. எவ்வளவு சுலபம். ஒரு பெண் தினமும் காலையில் போய் அழுதுவிட்டு, சாயங்காலம் எழுந்து தன் வீட்டுக்குத் தன் சாவியோடு போயிருக்கிறாள். அவளுடைய அழுகையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தோம். நடையை அங்கேயே போட்டுவிட்டோம். அவள் ஓட்டிய காரை வம்பாக்கினோம், வடித்த கண்ணீரை வேதமாக்கினோம். அந்த வேதத்தை எழுதியவன், எடுத்தவன், விற்றவன் ஒருவன் பெயரும் என் கட்டுரையில் இல்லை. நூறு வருஷம் கழித்தும் பழி போட எனக்கு ஒரு பெண்தான் கிடைத்தாள். வரிசை ஓரத்தில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்த பதிமூன்று வயதுக்காரி கிடைக்கவே இல்லை. சிறுமிதானே என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. நெற்றி நிறையக் குங்குமம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இறங்கினார்.

“இன்னா மச்சினிச்சி, எப்ப வந்தே? பேப்பர்ல போட்டுக் கிழிச்சுட்டியாமே. நம்ம பேரு போட்டுகீறியா அதுல?”

“பேர் எல்லாம் போடல மாமா.”

“அதான பாத்தேன்.” சிரித்தார். எனக்கு அவர் எப்போதும் நல்லவர். கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தவர் அவர்தான். வீட்டுக்கு வந்தால் எனக்கென்று பூந்தமல்லியில் தேடி அல்வா வாங்கி வருவார். அக்காவின் கன்னத்துக்குப் போன கை எனக்கு வரும்போது அல்வாவோடு வந்தது. நானும் வாங்கித் தின்றேன்.

“நல்ல நேரத்துல வந்தே. நாளைக்குக் காலைல மாப்ள வண்டி எடுத்துகினு வர்றாரு. தங்கமான பையன். கொஞ்சம் கை நீட்ற பழக்கம், அவ்ளோதான். அந்த வயசுல யாருக்கு இல்ல? உங்க அக்கா இன்னா, உட்டுட்டு ஓடியா பூட்டா? நீ நாலு எழுத்து எழுதறவ. நீ சொன்னா இது கேட்டுக்கும். பக்கத்துல உட்காந்து பக்குவமா எடுத்துச் சொல்லு.”

அப்போதுதான் உறைத்தது. அந்தத் தியேட்டர் இடிந்து எத்தனையோ காலமாகிறது. அம்மா இல்லை, அத்தை இல்லை. அவர்களுடைய வேலைக்கு இப்போது நான்.

அக்கா சமையலறை நிலையில் சாய்ந்து என்னையே பார்த்தாள். மகளும் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். என்னிடம் வாக்கியங்களுக்கா பஞ்சம்? ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்று மிகவும் கூர்மையாக இருந்தது, மாமா முகம் சுண்டிப்போகும். ஒன்று மேடைப் பேச்சாக இருந்தது. ஒன்றில் மன்னிப்பு வழிந்தது. நான் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு நோய் எனக்கு. மின்விசிறி சுற்றியது. டிவியில் அந்த இரண்டு துண்டுகளும் நீட்டியபடியே நின்றன.

“அவ போகல,” என்றாள் அக்கா.

“இன்னாது?”

“மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்.”

“யாரு, இவ சொல்லிக் குடுத்தாளா?” மாமா என்னைக் காட்டினார்.

“அவ எங்க சொன்னா? வாயைத் திறந்தாளா பாருங்க.”

மாமாவின் வலது கை சோபாவிலிருந்து உயர்ந்தது. எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. அக்கா நகரவில்லை. அறுபதை நெருங்கும் உடம்பு, கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கை மெல்ல இறங்கி முழங்காலைத் தடவ ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “காபி குடு,” என்றார்.

அக்கா போய்க் காபி போட்டாள். சர்க்கரை பார்த்து, ஆற்றி, கையில் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளுக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்தவள், தான் உள்பக்கமே நின்றுகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரை அக்கா மகள் கூட வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

“சித்தி, அம்மா உங்களை எதுக்கு வரச் சொன்னாங்க தெரியுமா?”

“சொல்லு.”

“அப்பா முன்னால அவங்களுக்கு வார்த்தை வராதாம். சித்தி வந்து பேசுவா, அவளுக்குத்தான் பயமில்லன்னு ரெண்டு வாரமா சொல்லிட்டே இருந்தாங்க.”

எதிரே வந்த தண்ணி லாரிக்கு ஒதுங்கி நின்றோம். அது போகும் வரை எனக்கு நேரம் இருந்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

“நல்லவேளை,” என்றாள் அவள், கோபமே இல்லாமல். “நீங்க பேசல.”