விறகு வண்டியின் உயரம்

எங்கள் வீதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்விட்டுக் கத்தும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர்கள் நிறைந்த குவார்ட்டர்ஸ் அது. மற்றப் பிள்ளைகள் சத்தம் போட்டால் முதுகில் நாலு விழும். நான் கத்தினால் கதவுகள் திறக்கும். "விறகேய், முந்திரி விறகு" என்று நான் இழுக்கிற இழுப்பு மூன்று வீதிக்குக் கேட்கும் என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள்.

அத்தை அப்பாவின் அக்கா. நிலக்கரிச் சுரங்கத்துக்காக எங்கள் ஊரைக் காலி செய்தபோது அப்பாவுக்கு முதலில் கான்ட்ராக்டில் வேலை கிடைத்தது. பிறகு பெர்மனென்ட் ஆனார், குவார்ட்டர்ஸ் வந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர், சுவரில் ஒரு குமிழைத் தட்டினால் வெளிச்சம் என்று நாங்கள் பெரிய மனிதர்களாகிவிட்டோம். புருஷனை இழந்திருந்த அத்தைக்கு மிஞ்சியது ஒரு கட்டை வண்டியும் இரண்டு மாடுகளும்தான். "உங்கப்பன் பெர்மனென்ட், இந்த மாடுங்க கான்ட்ராக்ட், நானு எதுலயும் இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அத்தை மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஜாதி இல்லை. சுரங்கம் நகர நகர அதற்கு முன்னால் இருந்த முந்திரித் தோப்புகள் விழுந்துகொண்டே போயின. விழுந்த மரத்தை மலிவாக வாங்கி, பிளந்து, காயவைத்து டவுன்ஷிப்புக்கு ஓட்டி வந்தாள். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே இருந்தன. அரிசியையும் புளியையும் சொந்த ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவர முடிந்தது, விறகைக் கொண்டுவர முடியவில்லை. எங்கள் நிலத்தைத் தின்ற சுரங்கமே அத்தைக்கு ஒரு தொழிலையும் கொடுத்தது.

அதில் ஒரே ஒரு தொல்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, குவார்ட்டர்ஸ் வீடுகளோ அத்தனையும் ஒரே அச்சு. ஆரம்பத்தில் ஒரு வீட்டில் கேட்ட விறகை இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு, இரண்டு வீட்டிலும் பேச்சு வாங்கியிருக்கிறாள். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படித்த என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பிளாக் எண்ணும் கதவு எண்ணும் நான் படிப்பேன். எந்த வீட்டில் கைக்குழந்தைக்கு வெந்நீர் போட விறகு அதிகம் வேண்டும், எந்த வீட்டில் மெல்லிசாகப் பிளந்ததைத்தான் எடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

சம்பளம் எதுவும் இல்லை. விறகுக் குவியலின் உச்சியில் உட்கார இடம், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டு வேலிக்குள்ளும் என்ன காய்க்கிறது என்று தெரியும். தூரத்தில் சுரங்கத்து ராட்சத மெஷினின் தலைகூடத் தெரியும். விற்று முடித்து அத்தையோடு அவள் குடிசைவரை திரும்பும்போதுதான் எனக்கு அழுகை வரும். வண்டி காலியாகி, வெறும் பலகையில் தடதடவென்று ஆடிக்கொண்டு போக வேண்டும். விறகு தீராமலே இருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ ஞாயிறு வேண்டிக்கொண்டதுண்டு.

அந்த வருஷம் அத்தை ஒரு முழுத் தோப்பையே வெட்ட எடுத்திருந்தாள். அவள் இருந்த குடிசையையும் சீக்கிரமே காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. வடலூர்ப் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்திருந்தாள். மழைக்கு முன்னால் விறகு முழுதும் விற்றுவிட்டால் மனை அவளுடையது. "யாரு வந்தாலும் என்ன எழுப்ப முடியாத எடமா பாத்துக்கினு போயி ஒக்காந்துடுவேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்படி அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கரி வந்தது. பூமியிலிருந்து எடுத்த பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டுச் செய்த கட்டிகள். மாதர் மன்றத்தில் அதை எரித்துக் காட்டினார்கள். அம்மா பார்த்துவிட்டு வந்து, புகை பிடித்துக் கறுத்துப்போன எங்கள் சமையலறைச் சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தினம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தவள் அவள். அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரி டிப்போக்காரர் சைக்கிளோடு எங்கள் வீதி முனையில் விழித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எல்லா வீடும் ஒன்றாகத்தான் தெரிந்தது. விறகு அதிகமாக வாங்குகிற வீடுகள் எவை என்று என்னைக் கேட்டார். கேட்கவேண்டிய ஆளைத்தான் கேட்டார். அவர் என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் உட்காரவைக்க, ஒரு வீடு விடாமல் காட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் என் ஞாயிற்றுக்கிழமைக் குரலில் கத்தினேன். பழக்கத்தில் கதவுகள் திறந்தன. "இது புகையே வராதுங்க" என்று அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். "நீதாம்மா எனக்கு சூப்பர்வைசர்" என்றார் அவர். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் சூப்பர்வைசர் ஆனதில்லை. அன்று ராத்திரி பெருமையில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் அத்தை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தாள். முதல் வீட்டில் கரி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது வீட்டுக் கோயம்புத்தூர் அம்மாதான் விவரமாகப் பேசினாள்.

"உங்க மருமகதானுங்க டிப்போக்காரரைக் கூட்டிட்டு வந்தா. நீங்களே அனுப்பி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பாராட்டு வரப்போகிறது என்று நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லா வூட்டையும் காட்னியா?"

"ஒண்ணுகூட வுடல அத்த."

அவள் அவிழ்ந்திருந்த என் ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டாள். "நல்லா ஞாபகம் வெச்சினுகீற" என்றாள்.

மிச்ச வீடுகளுக்கும் போனோம். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவசரமாகப் புதுக் கரியடுப்பைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். நான் ஓடிப்போய் அதை வெளியே இழுத்து அத்தைக்குக் காட்டினேன். அத்தை குனிந்து பார்த்து, காற்று போகிற ஓட்டையெல்லாம் நன்றாக வைத்திருக்கிறான் என்றாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு அப்போது எரியவே இல்லை, புகையும் இல்லை.

அந்த விறகு அத்தையின் குடிசைக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடந்தது. வடலூர் மனையை வேறு யாரோ வாங்கினார்கள். மாடுகளையும் வண்டியையும் கொடுத்துவிட்டு அத்தை சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்குப் போனாள். பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வருவாள், இந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கத்த ஒன்றும் இல்லாமல் போயிற்று. எத்தனையோ அடுப்பு மாறி, நானும் பல ஊர் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அந்த வண்டியின் உச்சிக்கு என் மனம் ஏங்குகிறது. அதிலும் அந்தக் கடைசிப் பயணத்துக்குத்தான் அதிகம் ஏங்குகிறது என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அன்றுதான் வண்டி குறையாமல் திரும்பியது. நான் எத்தனையோ ஞாயிறு வேண்டிக்கொண்டது அன்று நடந்தது. போகும்போது எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தேனோ, வரும்போதும் அதே உயரம். கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தேன்.

"அத்த, அடுத்த வாரமும் இப்டியே ரொப்பிக்கினு திரும்பலாமா?"

அத்தை மாடுகளைப் பார்த்தபடியே, "கெட்டியா புடிச்சிக்கோ, வுழுந்துடப் போற" என்றாள்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாங்க ஆளே இல்லாத அந்த ரோட்டில் குடிசை வரும்வரை "விறகேய், முந்திரி விறகு" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே வந்தேன். அத்தை ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை.