முகம் மூடாத பொம்மைகள்

பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். வீட்டில் ஒரு சாவு விழுந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதனால் இந்த நவராத்திரிக்கு எங்களுக்குக் கொலு கிடையாது. மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனையும் காய்ந்த வேப்பிலை வாசனையும் சேர்ந்து வந்தன. மேலாக இருந்தது பள்ளிக்கூடச் செட். கையில் பிரம்போடு ஒரு வாத்தியார், அவருக்கு முன்னால் சிலேட்டு வைத்துக்கொண்டு பிள்ளைகள். அதில் ஒருத்தி மட்டும் பாடத்தைக் கவனிக்காமல் பின்பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். பச்சைக் கரை போட்ட பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பொம்மைக்கும் சுற்றியிருந்தது. ஆனால் எந்தப் பொம்மைக்கும் முகம் மூடியிருக்கவில்லை. கழுத்துவரைக்கும் துணி; அதற்கு மேலே கண்ணும் மூக்கும் பொட்டும் அப்படியே தெரிந்தன. குளிர்காலத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டது மாதிரி. அப்படிச் சுற்றி வைத்தவர் என் மாமனார். இப்போது அவர் இல்லை.

திருவெறும்பூர்ப் பக்கத்தில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு பாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். என் வீட்டுக்காரருக்கும் அங்கேயேதான் வேலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கிற தூரம்தான். மாமா விடிகாலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெரிய பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பார். அது முடிந்ததும் கூடத்தில் இருக்கிற சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போடுவார். மாமியார் போன பிறகு அந்த டிவிதான் அவருக்குப் பேச்சுத் துணை. சீரியல் பார்க்க மாட்டார், சினிமா பார்க்க மாட்டார். செய்திதான், காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும்.

எங்கேயோ ஒரு தேசத்தில் சண்டை மூண்ட வருஷம் அது. நான் பத்தாவதோடு நின்றவள். யார்மேல் நியாயம், யார்மேல் தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். திரையே சிவப்பாகும், சங்கு ஊதுவது மாதிரி ஒரு ஓசை வரும், பொம்மைப் படத்தில் ஏவுகணை பறந்து போய் ஒரு கட்டடத்தில் விழும். செய்தி வாசிக்கிறவர் கிரிக்கெட் வர்ணனை மாதிரி மூச்சுவிடாமல் பேசுவார். அதற்கு நடுவில் புழுதியில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளைக் காட்டுவார்கள். சோகமாக வயலின் வாசிப்பார்கள். மனசு பதறி நாம் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் பட்டுப்புடவை விளம்பரம் வந்துவிடும். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் பழகிப் போயிற்று. சாதம் பிசைந்தபடியே பார்த்தோம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். சாயங்காலமானால் அவரும் வந்து உட்கார்ந்துவிடுவார். மாமா அவருக்கு ஏவுகணைப் பாடம் நடத்துவார்: இது இத்தனை தூரம் போகும், அது இத்தனை எடை தாங்கும் என்று. தன் கையால் இரும்பைத் தொட்டு வேலை பார்த்தவரில்லையா, அந்தப் பெருமை. கண்டக்டர் சும்மா இருக்க மாட்டார். "அண்ணே, நீங்க பேசுறதப் பாத்தா ரிட்டயர்டு ஆனதே தப்பு. உங்களத் தூக்கி எல்லையில போட்டிருந்தா சண்டையே வந்திருக்காது" என்பார். "போட்டா போறேன். நீ வந்து டிக்கெட்டு கிழி, எதிரியெல்லாம் சில்லறைக்குப் பயந்து ஓடிருவான்" என்று மாமா திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். என் பெண் மாமாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. தாத்தாவின் மடிதான் அவளுக்குத் தலையணை. அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் மாமா ஒன்று சொல்வார். "பெருமாள் படுத்துத்தான் இருக்கார். தூங்குறார்னு நெனச்சிராத கண்ணு. படுத்திருந்தாலும் காது தெறந்திருக்கும். நீ மெதுவாச் சொன்னாலும் கேட்டுக்குவார்." அவள் உடனே கையைக் குவித்து, மூலஸ்தானத்தைப் பார்த்து ரகசியமாக ஏதோ முணுமுணுப்பாள். இதைத் தினம் சொன்ன மனிதருக்கு, தன் மடியில் படுத்திருக்கிற பிள்ளைக்கும் காது திறந்திருக்கும் என்று தோன்றவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் டிவியில் ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். நம்ம நாட்டில் சண்டை வந்தால் எந்தெந்த ஊருக்கு ஆபத்து என்று கேட்டுவிட்டு, வரைபடத்தில் ஊர் ஊராகச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். அதில் திருச்சியும் வந்தது. வட்டம் மின்னி மின்னி அணைந்தது. மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தெருவில் போன கண்டக்டரைக் கூப்பிட்டு, "பாத்தியாய்யா, போட்டான்ல நம்ம ஊரை! முதல் குண்டே நம்ம பாக்டரிக்குத்தான். மெட்ராஸெல்லாம் அப்புறந்தான்" என்றார். கல்யாணப் பத்திரிகையில் தன் பேரை முதலில் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். கண்டக்டர், "அதுக்கென்ன, பெருமாள் இருக்கார், பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சொன்னவரும் கேட்டவரும் அன்றைக்கே அதை மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் என் பெண் காலையில் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தாள். அப்பா செருப்பு மாட்டும்போது வாசலில் போய் நிற்பாள். "இன்னிக்கு லீவு போடுங்கப்பா" என்பாள். கொஞ்சல் என்று நினைத்தோம். "உங்கப்பன் லீவு போட்டா நாட்டோட கதி என்னாவுறது?" என்று மாமா கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள். சாப்பாடு குறைந்தது; வாயில் வைத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். விட்டுப்போன படுக்கை நனைக்கிற வழக்கம் திரும்ப வந்தது. பூச்சி மருந்து கொடுத்தேன். தாயார் சந்நிதியில் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். அவளிடம் உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் வீட்டில் சத்தம் ஓயவில்லை.

அந்த வருஷக் கொலு நன்றாகவே நடந்தது. விஜயதசமி சாயங்காலம் வழக்கம்போல ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, தாலாட்டுப் பாடி முடித்தோம். மறுநாள் காலையில் படிகளைப் பிரித்தேன். ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து, கிழித்து வைத்திருந்த வேட்டித் துணியில் தலையோடு காலாகச் சுற்றி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் சுற்றுவோம். முகத்துச் சாயம் போகக் கூடாது என்பதற்காக. பள்ளிக்கூடச் செட்டில் வாத்தியாரைச் சுற்றியாயிற்று, பிள்ளைகளில் பாதி ஆயிற்று. பின்னால் டம்ளர் விழுந்த சத்தம். திரும்பினால் என் பெண் நிற்கிறாள். காலடியில் பால் ஓடுகிறது. அவள் கண் தரையில் இருக்கிற வெள்ளை மூட்டைகள் மேலேயே இருந்தது.

"மூஞ்சிய மூடாதம்மா."

"தூசி படும்டி. அடுத்த வருஷம் எடுக்கணும்ல?"

"மூஞ்சிய மூடிட்டா எடுக்க மாட்டாங்க. டிவில காட்டுறாங்கல்ல, வரிசையா வச்சிட்டு, அழுதுட்டு, குழிக்குள்ள வச்சிருவாங்க."

நாற்காலியில் இருந்து மாமா எட்டிப் பார்த்தார். டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் பரவாயில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "அப்பாவையும் இப்படித்தான் சுத்திக் கொண்டு வருவாங்களா?"

"யாரு கண்ணு அப்படிச் சொன்னது?" என்றார் மாமா.

"நீங்கதான் தாத்தா. முதல் குண்டே நம்ம பாக்டரிக்குத்தான்னு கண்டக்டர் தாத்தாட்ட சொன்னீங்கல்ல. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையில் மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன். மாமியார் போனபோதுகூட அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. அவர் எழுந்து டிவியை அணைத்தார். அந்த வீட்டில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது. கோயில் யானையின் மணிச் சத்தம் தெருமுனையிலிருந்து வந்தது. முழங்கால் வலிக்காரர், சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். ஒரு மூட்டையை எடுத்துப் பிரித்தார். சுற்ற ஆரம்பித்தார், துணி நழுவியது. என் பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துணியைக் கழுத்துவரை இழுத்து விட்டு, "இவ்வளவு போதும் தாத்தா. பெருமாள் மாதிரி மூஞ்சி தெரியட்டும்" என்றாள். நான் சுற்றியவை எல்லாவற்றையும் இரண்டு பேருமாகப் பிரித்து, திரும்பச் சுற்றினார்கள். நான் சிந்திய பாலைத் துடைத்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் ஒரு வேலையைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பாக்டரி பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார். பஸ்ஸிலிருந்து அப்பா இறங்குகிறவரைக்கும் இரண்டு பேரும் நிற்பார்கள். இறங்கியதும், "வந்தாச்சா பாரு" என்பார். "வந்தாச்சு" என்பாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்றதுண்டு. காலையில் லீவு கேட்கிற பழக்கம் உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. சோறும் படுக்கையும் அதற்குப் பிறகு சரியாயின. டிவியை அவர் அடியோடு விடவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பார். ஆனால் ஏவுகணை போகிற வழியை இப்போது அவர் பார்க்கவில்லை. அது விழுந்த இடத்தில் யார் ஓடுகிறார்கள் என்று திரைக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பார், பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்.

ஒருநாள் பெண்ணின் பிறந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்யப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். முகம் சரியில்லை. என்ன மாமா என்றேன். "நம்ம பாப்பா பேரும் நட்சத்திரமும் சொன்னேன்மா. வேற யாருக்காவதுன்னு அர்ச்சகர் கேட்டாரு. டிவில வர்ற அந்தப் பிள்ளைங்களுக்கும் சேத்துப் பண்ணிரலாம்னு வாயத் தெறந்தேன். பேரு வரல. இத்தன நாளாப் பாக்குறேன், ஒரு பிள்ள பேரு தெரியாது எனக்கு. குண்டுக்குப் பேரு தெரியும். எத்தன கிலோன்னு தெரியும்." உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பேர் தெரியாவிட்டாலும் பெருமாளுக்குத் தெரியாதா என்று ஆறுதல் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பெருமாளுக்குத் தெரியும்தான். நமக்குத் தெரியவேண்டாமா?

போன தையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் அந்த டிவிக்கு முன்னால்தான் கிடத்தியிருந்தோம். புது வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வருகிறவர்கள் மாலை போடப் போட, துணி மேலே ஏறி மோவாயை மறைக்கும். என் பெண் தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் துணியைக் கழுத்துவரைக்கும் இறக்கி, ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், கண்டக்டருக்கும் தெரிந்திருக்கலாம். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரமாக நின்றார்.

பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சி இல்லை. மூடாமல் வைத்ததில் முகங்களில் கொஞ்சம் தூசி இருந்தது, முந்தானையால் துடைத்தேன். திரும்பிப் பார்த்துப் பேசுகிற அந்தப் பெண்பிள்ளைக்கு மட்டும் மூக்கு நுனியில் சாயம் உதிர்ந்திருக்கிறது. திரும்ப அடுக்கப் போகும்போது தெருவிலிருந்து அந்தச் சங்கு ஓசை வந்தது. வேறு ஏதோ வீட்டு டிவி. வேறு ஏதோ தேசம், வேறு சண்டை; குரல் மட்டும் அதே குரல், அதே மூச்சிரைப்பு. வெள்ளைத் துணிக்கு வெளியே எல்லா முகங்களும் விழித்துக்கொண்டு படுத்திருந்தன. நான் எழுந்து போய் முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் அவர்களைப் பெட்டிக்குள் வைத்தேன்.